மேப்பிள் பாணி: எந்த மரம், எத்தனை வாளி, எப்போது நிறுத்துவது

மேப்பிள் பாணியை (மேப்பிள் சிரப்பை) சுகர் மேப்பிளில் மட்டும்தான் எடுக்கலாம் என்று நினைத்து, வளவில் நிற்கும் சில்வர் மேப்பிளையும் மனிற்றோபா மேப்பிளையும் தொடாமலே விட்டுவிடுகிறவர்கள் கனடாவில் ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் நிறையப் பேர். போதிய பருமன் உள்ள மேப்பிள் எதுவானாலும், பருவத்தில் துளையிட்டால் இனிப்பு நீர் வடியும். அதைக் காய்ச்சினால் பாணி வரும். மரத்துக்கு மரம் மாறுபவை இரண்டு. ஒரு போத்தல் பாணிக்கு எத்தனை வாளி நீர் காய்ச்ச வேண்டும் என்பது ஒன்று. வசந்தத்தில் எந்த நாளோடு வாளியைக் கழற்ற வேண்டும் என்பது மற்றது. இந்த இரண்டையும் மரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கத் தெரிந்தால், மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

முதலாவதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பாணி காய்ச்சுகிறவர்கள் அதை 86 விதி என்பார்கள். நீரில் நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி இருக்கிறதோ, அந்த எண்ணால் 86ஐ வகுத்தால், ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் நீர் வேண்டும் என்று வந்துவிடும். 3 வீதம் சீனி என்றால் 29 லீற்றர். 2 வீதம் என்றால் 43. 1.5 என்றால் 57. வெறும் 1 வீதம் என்றால் 86 லீற்றரையும் காய்ச்ச வேண்டும். ஒரு வீத வித்தியாசம் நாக்கில் தெரியாது. விறகிலும் நேரத்திலும் அது இரண்டு மடங்கு.

பனையோடு பழகியவர்களுக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். கருப்பநீரில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சீனி, குடித்தாலே தித்திக்கும். மேப்பிள் நீரோ பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும், கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். பனை நீர் புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவோம். இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது. மேப்பிள் வாளியில் சுண்ணாம்போ வேறெதுவுமோ போட வேண்டியதில்லை.

மரத்தை இலையுதிர்வுக்கு முன் அடையாளம் வையுங்கள்

துளையிடும் காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும். ஆகவே இலை இருக்கும்போதே, செப்டெம்பர் ஒக்டோபரில், மரத்தைப் பார்த்து ஒரு நாடாவைக் கட்டிவிடுவது நல்லது. அது தவறினால் கிளையையும் மொட்டையும் வைத்துப் பிடிக்கலாம். மேப்பிளில் கிளைகள் எதிரெதிர் சோடியாக முளைக்கும். ஆனால் ஆஷ் மரத்திலும், ஹோர்ஸ் செஸ்நட்டிலும் இப்படித்தான். ஹோர்ஸ் செஸ்நட் நஞ்சுள்ள மரம். அதன் நுனி மொட்டு பெரிதாக, பிசின் பூசினதுபோல் ஒட்டும். சந்தேகம் இருந்தால் துளையிடாதீர்கள்.

சுகர் மேப்பிளின் இலையில் ஐந்து மடல்கள்; மடல்களுக்கிடையே உள்ள வளைவு வழவழப்பாக, கிண்ணம்போல் இருக்கும்; ஓரத்தில் அரம்போன்ற பல் கிடையாது. மொட்டு மண்ணிறம், ஈட்டி முனைபோல் கூர். நீரில் 2 முதல் 3 வீதம் சீனி சாதாரணம். கிளை பரப்பி வெட்டவெளியில் தனியாக நிற்கும் மரத்தில் இன்னும் கூடலாம். காட்டில் நெருக்கத்தில் நிற்பதில் குறையும். மொட்டு தாமதமாக விரிவதால் பருவமும் நீளம். பிளாக் மேப்பிள் இதன் நெருங்கிய உறவு, இலை சற்றுத் தொங்கினாற்போல் இருக்கும். பாணிக்கு இரண்டையும் ஒன்றாகவே எண்ணலாம்.

ரெட் மேப்பிளின் இலை ஓரத்தில் பல் இருக்கும், மடல்களுக்கிடையே வெட்டு கூராக இறங்கும். மொட்டு சிவப்பு, உருண்டை, கொத்துக் கொத்தாக. சீனி 1.5 முதல் 2 வீதம். சில்வர் மேப்பிளின் இலை ஆழமாகக் கிழிந்து, அடிப்பக்கம் வெள்ளிபோல் வெளிறியிருக்கும். சிறு குச்சியை ஒடித்து முகர்ந்தால் ஒரு கெட்ட வாடை வரும். சீனி பெரும்பாலும் 1.5 வீதத்தை ஒட்டி. ஆனால் நீர் தாராளமாக வடியும், மரமும் பெரிதாக வளரும். புதிய குடியிருப்புகளில் நட்டிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டின் கலப்பான ஃப்ரீமன் மேப்பிள். இந்த மூன்றிலும் ஒரே சிக்கல்: மொட்டு சீக்கிரம் வீங்கிவிடும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது, ஏனென்றால் பாணி கெடுவது அங்கேதான்.

நோர்வே மேப்பிள் தெருவோரங்களில் மிகுதி. இலை சுகர் மேப்பிளைப் போலவே இருக்கும். காம்பைக் கிள்ளினால் பால் கசியும், அதுதான் வித்தியாசம். பால் கசிகிறதே என்று பயப்பட வேண்டாம். வசந்தத்தில் துளையிலிருந்து வருவது தெளிந்த நீர்தான். விளைச்சல் சுகர் மேப்பிளை எட்டாது, ஆனால் வீட்டுப் பாவனைக்குப் போதும்.

மனிற்றோபா மேப்பிளை மேப்பிள் என்று பலர் நம்பவே மாட்டார்கள். கூட்டிலை, மூன்று முதல் ஏழு சிற்றிலைகள். இளங்குச்சி பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். மேலே வெண்சாம்பல்போல் ஒரு பூச்சு, விரலால் தேய்த்தால் போய்விடும். பிரெய்ரி மாகாணங்களில் பாணி என்றால் இந்த மரந்தான். ஒரு லீற்றருக்கு 60 லீற்றர் வரை காய்ச்ச நேரிடும், பாணியின் சுவையும் வேறு. பல தண்டுகளாகச் சாய்ந்து வளரும், உள்ளே உக்கல் அதிகம். ஒவ்வொரு தண்டும் தனித்தனியாகப் பருமன் தேற வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு மரமாகக் கணக்கிடுவது பிழை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரத்திலும் வன்கூவர் தீவிலும் இருப்பவர்களுக்கு பிக்லீஃப் மேப்பிள். அங்கே பருவமே வேறு: நவம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை, குளிர் விட்டு விட்டு வரும்போதெல்லாம் வடியும். சீனி குறைவு, வெளி வெப்பமும் கூட. ஆகவே அங்கே நீரைச் சேர்த்து வைக்கும் எண்ணமே வேண்டாம். எடுத்த அன்றே அடுப்பில் ஏற்ற வேண்டும்.

எல்லா மேப்பிள் நீரையும் ஒன்றாகக் கலந்து காய்ச்சலாம், பாணிக்கு ஒரு குறையும் இல்லை. எது எவ்வளவு இனிப்பு என்று அறிய 0 முதல் 32 பிறிக்ஸ் (நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்ற அளவு) வரை காட்டும் கையடக்க ரிஃப்ராக்டோமீற்றர் என்ற சீனி அளக்கும் கருவி போதும். முதலில் வெறும் தண்ணீரால் பூச்சியத்துக்குச் சரிசெய்யுங்கள். வாளியில் பனிக்கட்டி மிதக்கும்போது அளக்க வேண்டாம்; சீனி கட்டியில் சேராமல் மிஞ்சிய நீரிலேயே நிற்பதால் எண் கூட்டிக் காட்டும். இதே காரணத்தால், காலையில் வாளியில் மிதக்கும் கட்டியைத் தூக்கி எறிவது காய்ச்சும் வேலையைக் குறைக்கும். கொஞ்சம் சீனி அதோடு போகும்தான், மிச்சமாகும் விறகுக்கு அது பெரிய இழப்பல்ல.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வீட்டின் முன் நிற்கும் மரம் பல இடங்களில் மாநகர சபைக்குச் சொந்தமானது, உங்கள் புல்வெளியில் நின்றாலும்கூட. பின்வளவு மரத்தோடு நில்லுங்கள், அல்லது முதலில் கேளுங்கள்.

நீர் ஏன் வடிகிறது, எப்போது வடிகிறது

இரவில் பூச்சியத்துக்குக் கீழே, பகலில் 4 முதல் 7 பாகை. இந்த ஏற்ற இறக்கம் இருந்தால்தான் நீர் ஓடும். மேப்பிளின் மரநார்களுக்குள் நீருக்குப் பதில் காற்று அடைந்திருக்கும். உறையும்போது அந்தக் காற்று சுருங்கி, நீர் மேலே இழுக்கப்பட்டு உறைகிறது. வேர் மண்ணிலிருந்து புதிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. உருகும்போது காற்று மீண்டும் விரிய, நீருக்கு உள்ளிருந்து அழுத்தம் ஏற்பட்டு, துளை எங்கே இருக்கிறதோ அங்கே வெளியேறுகிறது. ஆகவே மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்து இரவும் உறையாமல் விட்டால், மரத்தில் குறை எதுவும் இல்லாமலே வாளி காய்ந்து கிடக்கும். அடுத்த உறைபனி இரவுக்குப் பிறகு மறுபடி ஓடும். வடியவில்லை என்று புதிய துளை போடுவது மரத்துக்குச் செய்யும் வீண் கொடுமை.

தெற்கு ஒன்ராறியோவில் பெப்ரவரி கடைசி தொடங்கி ஏப்ரல் முதல் கிழமை வரை இந்தக் காலம். நாள்காட்டியைப் பார்க்காமல் பத்து நாள் வானிலையைப் பாருங்கள். துளை திறந்த நாளிலிருந்து கிருமி உள்ளே வளரத் தொடங்கி, நாலு முதல் ஆறு கிழமையில் மரம் துளையை அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் ஒரு வெப்ப நாளைக் கண்டு ஆசைப்பட்டுத் துளைத்தால், மார்ச்சின் நல்ல ஓட்டம் வரும்போது துளை பாதி அடைந்திருக்கும். சில்வரும் ரெட்டும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றின் பருவம் முன்னாலேயே முடிந்துவிடும் என்பதால், முதல் ஓட்டத்தைத் தவறவிடாமல் சுகர் மேப்பிளுக்கு முன்பே துளைப்பது நியாயம்.

துளை

நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை அளவுநாடாவால் எடுங்கள். 95 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் விட்டம் இருந்தால் ஒரு துளை. 150 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் இரண்டு. அதற்கு மேல் எவ்வளவு பெரிய மரமானாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று துளை போடலாம் என்பாரும் உண்டு. நோய்ப்பட்ட மரம், பட்டை உரிந்த மரம், போன வருடம் இலை பொசுங்கிய மரம் எதையும் தொடக்கூடாது.

எட்டு மில்லிமீற்றர், கடைக் கணக்கில் 5/16 அங்குலத் துளையலகு. துளையில் செருகி நீரை வடியவிடும் சிறு குழாய்தான் ஸ்பைல்; பழைய 7/16 அங்குல ஸ்பைல்களும் விற்பனையில் இருக்கின்றன. வாளியைத் தாங்க அவை உறுதியானவை, ஆனால் காயம் பெரிது, மூடவும் நாளாகும். அலகு புதிதாக, கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு நாரைக் கிழித்துப் பொசுக்கும், அங்கேதான் கிருமி முதலில் குடியேறும். பட்டைக்கு உள்ளே நாலு சென்ரிமீற்றர் ஆழம் போதும். அலகில் அந்த அளவில் ஒரு நாடாவைச் சுற்றிவைத்தால் கை தவறாது. நீர் வெளியே வடிய, துளை உள்நோக்கிச் சற்றே மேலேறியபடி இருக்கட்டும்.

அலகோடு வரும் சீவலைப் பாருங்கள். பால்போல் வெள்ளையாக அல்லது வெளிர்மஞ்சளாக வந்தால் உயிர்மரம். மண்ணிறமாக வந்தால் பழைய காயமோ உக்கலோ. அங்கே நீர் வராது. மேப்பிள் தன் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் கட்டி ஒதுக்கிவிடுகிறது. அந்த ஒதுக்கிய பகுதி துளைக்கு மேலும் கீழும் நீண்ட பட்டையாக ஓடும், பக்கவாட்டில் குறுகலாக இருக்கும். ஆகவே பழைய துளைக்கு நேர் மேலேயோ கீழேயோ அருகில் துளைக்கக்கூடாது. பக்கவாட்டில் குறைந்தது ஐந்து சென்ரிமீற்றரும், மேல்கீழாக முப்பது சென்ரிமீற்றரும் தள்ளிப் போங்கள். தெற்குப் பக்கத் துளை வெயில் பட்டு முதலில் ஓடும். வடக்குப் பக்கம் தாமதமாகத் தொடங்கி நீண்டநாள் நிற்கும். பெரிய வேருக்கு மேலே அல்லது பெரிய கிளைக்கு நேர் கீழே நீர் கூட என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஸ்பைலைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும் ஓசை மந்தத்திலிருந்து திடமாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். பலமாக அடித்தால் மரம் மேல்கீழாக வெடிக்கும், நீர் ஸ்பைலுக்கு வெளியே பட்டையில் வழிந்துபோகும். கடும் உறைபனியில் துளைத்தாலும் இதே வெடிப்பு வரும். பூச்சியத்துக்கு மேலே ஏறிய பகலில் செய்யுங்கள்.

சேர்ப்பது

மூடியுள்ள உணவுத்தர வாளி, அல்லது ஸ்பைலில் மாட்டும் பை, அல்லது குழாய் வழியே தரையில் வைத்த வாளி. வயதான தகர வாளிகளை பழம்பொருள் கடையில் கண்டு வாங்காதீர்கள். பழைய இணைப்புகளில் ஈயம் கலந்த பற்றாசு இருக்கும். மூடி கட்டாயம், மழை நீர் கலந்தால் நீங்கள் மழையைத்தான் காய்ச்சப் போகிறீர்கள். வாசமில்லாத புளீச்சை ஒன்றுக்கு இருபது பங்கு நீரில் கரைத்துப் பாத்திரங்களைக் கழுவி, பிறகு சுடுநீரால் பலமுறை அலசுங்கள். பிளாஸ்ரிக் குழாயில் புளீச்சின் உப்பு மிச்சமிருந்தால் அணில் வந்து கடித்துக் குதறும். அணில் தொல்லை ஏன் என்று தெரியாமல் தவிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சுகர் மேப்பிளில் நல்ல வருடம் ஒரு துளைக்கு நாற்பது லீற்றர் வரை சேரும், அதாவது ஏறக்குறைய ஒரு லீற்றர் பாணி. நாலு துளை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்கப் போதும். முதல் வருடத்திலேயே பத்துப் பதினைந்து துளை போட்டுவிட்டு, நீர் சேருகிற வேகத்துக்குக் காய்ச்ச முடியாமல் ஊற்றிவிடுவது பலருக்கு நேர்வது.

நீரைப் பசுப்பால் போல் நடத்துங்கள். நாலு பாகைக்குக் கீழே, நிழலில், வாளியைச் சுற்றிப் பனி குவித்து வைக்கலாம். இரண்டு நாளுக்குள் காய்ச்சினால் மிக நல்லது. ஐந்து நாளைத் தாண்டவே கூடாது. கலங்கி, பால்போல் மங்கலாகவோ நூல்போல் இழுபடவோ தொடங்கியதை ஊற்றிவிடுங்கள். சற்று நாள்பட்ட நீரில் கிருமிகள் சீனியை உடைத்துவிடும், அது பாணியைக் கறுப்பாக்கும். பருவத் தொடக்கத்துப் பாணி பொன்னிறமாகவும் கடைசிப் பாணி கருமையாகவும் வருவதற்கு முக்கிய காரணம் இதுதான். கனடாவின் தர வகுப்பில் பொன், அம்பர், கரும், மிகக் கரும் என்று நாலு நிறங்கள், நாலுமே ஏ தரம். நிறம் கூடக் கூட மணமும் கூடும். சமையலுக்குக் கருமைதான் சிறந்தது, தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும்.

காய்ச்சுவது

வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். ஒரு லீற்றர் பாணிக்கு முப்பது, நாற்பது லீற்றர் நீர் ஆவியாகி வெளியேறும். சுவர்ப் பூச்சு உரியும், யன்னலெல்லாம் வழியும். வெளியே, காற்று மறைவில்.

சீமெந்துக் கற்களை மூன்று வரிசை சாந்தில்லாமல் அடுக்கி, பின்புறம் ஒரு புகைக்குழாய் வைத்து, மேலே உணவகங்களில் பாவிக்கும் துருப்பிடிக்காத உருக்குத் தட்டுகளை இறக்கினால் ஒரு நல்ல அடுப்பு. முழு அளவுத் தட்டு 53க்கு 33 சென்ரிமீற்றர், ஆழம் 15. தட்டின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி இருக்கக்கூடாது. புகை அதன் வழியே வந்தால் பாணியில் சாம்பல் வாடை ஏறும். நாகம் (துத்தநாகம்) பூசிய பாத்திரம் வேண்டாம். ஆவியாகும் வேகம் ஆழத்தால் வராது, பரப்பால் வரும்: உயரமான சூப் பானையை விட அகன்ற தட்டு எப்போதும் முந்தும். நன்றாக எரியும் விறகில் ஒரு தட்டு மணிக்கு மூன்று நாலு லீற்றர் வரை குறைக்கும். நாற்பது லீற்றர், ஒரு தட்டு என்றால் ஒரு முழுப் பகல். புரொப்பேன் அடுப்பென்றால் 20 பவுண் சிலிண்டரில் பாதியளவு ஒரு லீற்றர் பாணிக்கே போகும். காற்றடித்தால் இன்னும் கூட.

விறகு காய்ந்ததாக, மணிக்கட்டுப் பருமனில் பிளந்ததாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் போடுங்கள். தட்டில் நீர் நாலு ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்க வேண்டும். குளிர்ந்த நீரை அள்ளி ஊற்றினால் கொதி அடங்கி, மீண்டும் எழும்ப நேரம் பிடிக்கும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் சூடாக்கிச் சேருங்கள்; அடியில் சிறு துளையிட்ட டப்பாவைத் தட்டுக்கு மேலே வைத்து மெல்லியதாக ஒழுகவிடுவதும் நல்ல வழி. நுரை பொங்கினால் ஓரத்தில் ஒரு பொட்டு வெண்ணெய், உடனே அடங்கும். பால் ஒவ்வாதவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் வெண்ணெய்க்குப் பதில் ஒரு துளி சமையல் எண்ணெய்.

மட்டம் இரண்டரை சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் அடிபிடிப்பு மிக அருகில். விறகடுப்பை அணைக்க ஒரு பொத்தான் கிடையாது. ஆகவே ஒரு வாளி பச்சை நீரை எப்போதும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். ஒரு முழு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் கரியாவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

அதனால் முடிவுக் கட்டத்தை வெளி அடுப்பில் செய்ய வேண்டாம். நீரின் கொதிநிலையைவிட ஒன்றரை, இரண்டு பாகை கூடியதும் துணியில் வடித்து, உயரமான பானைக்கு மாற்றிக் குசினிக்குக் கொண்டுவாருங்கள். அந்த நேரம் அதில் ஏறக்குறைய பாதி சீனியாகியிருக்கும். இனி ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பதம் எது? தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4.1 பாகை கூட. கடல்மட்டத்தில் 104.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே நம்ப வேண்டாம். வளியமுக்கம் நாளுக்கு நாள் மாறும். அன்றைக்கே அதே வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள்; 99.5 காட்டினால் உங்கள் இலக்கு 103.6. கல்கரி போல 1000 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊரில் இந்த எண் இன்னும் மூன்று பாகைக்கு மேல் இறங்கும். அங்கே 104 வரை காய்ச்சினால் பாணி மிகத் தடித்துவிடும்.

கைப்பழக்கம் உள்ளவர்கள் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள்: துளித்துளியாக விழாமல், இரண்டு துளி சேர்ந்து திரைபோல் விளிம்பில் தொங்கி விழும். இதைக் கம்பிப் பதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விரலில் கம்பி இழுத்தால் தாண்டிவிட்டது. உறுதியான அளவு ஹைட்ரோமீற்றர் என்ற, அடர்த்தி அளக்கும் மிதவைதான். கொதிக்கும் பாணியை உயர்ந்த குவளையில் நிரப்பி மிதக்கவிட்டால், சூட்டுக்குரிய கோடு 59 பிறிக்ஸ். ஆறியபின் அதுவே 66. கனடாவில் பாணிக்குக் கீழெல்லை 66. அதற்குக் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், புளிக்கும். 68க்கு மேலே போனால் போத்தலின் அடியில் கற்கண்டு கட்டும். கற்கண்டு கட்டிய பாணி கெட்டதல்ல. சுடுநீர் சேர்த்துக் கரைத்துத் திரும்பக் காய்ச்சலாம். பூஞ்சை பிடித்ததை எறிந்துவிடுங்கள்.

பதம் வந்ததும் சாம்பல் நிறத்தில் நுண்மணல்போல் ஒன்று பிரியும். நீரிலிருந்த கல்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து உண்டாவது. தீங்கில்லை, பல்லில் நறநறக்கும். கம்பளிக் கூம்பு வடிகட்டியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து, உள்ளே ஒரு மெல்லிய முன்வடிகட்டியும் வைத்து, பாணியைச் சூட்டோடு ஊற்றுங்கள். வடிகட்டியைச் சவர்க்காரம் போட்டு ஒருபோதும் கழுவக்கூடாது. அந்த மணம் அடுத்த பாணியில் வந்தே தீரும். வடிகட்டி இல்லையென்றால் ஒரு சாடியில் இரண்டு மூன்று நாள் குளிரில் வைத்து, தெளிந்த மேற்பகுதியை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். போத்தலில் அடைக்க 83 முதல் 85 பாகை வரை சூடாக்குங்கள். மீண்டும் கொதிக்கவிட்டால் மறுபடி மணல் பிரியும். போத்தலையும் முன்னே சூடாக்கி, கழுத்துவரை நிரப்பி, மூடி, ஒரு நிமிடம் சரித்து வையுங்கள். மூடியின் உட்புறமும் அந்தச் சூட்டில் சுத்தமாகும். திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டி.

இந்த வேலையைத் தொடங்கியவர்கள் ஐரோப்பியர் அல்லர். இந்நிலத்தின் பழங்குடிகளான அனிஷினாபே, ஹோடெனோஷோனி மக்கள், ஐரோப்பியர் வருமுன்பே மேப்பிள் நீரை வற்றவைத்துச் சீனியாக்கியவர்கள். பாணியை விடக் கட்டிச் சீனிதான் நெடுநாள் நிற்கும், தூக்கிச் செல்லவும் இலகு. பனங்கட்டி செய்தவர்களுக்கு அந்த நியாயம் சொல்லாமலே விளங்கும். நீரின் கொதிநிலையைவிட 13 பாகை கூட்டிக் காய்ச்சிச் சுத்தமான பனிமேல் ஊற்றினால் இழுவை மிட்டாய். 18 பாகை கூட்டி, இறக்கி, விடாமல் கிண்டி அச்சில் வார்த்தால் மேப்பிள் கட்டி.

நிறுத்துவது

மொட்டு வீங்கத் தொடங்கியதும் மரம் தன் நீரின் சேர்மானத்தை மாற்றிக்கொள்ளும்; அமினோ அமிலங்கள் கூடும். அந்த நீரைக் காய்ச்சினால் ஆவியிலேயே அவித்த கோவாவின் (முட்டைக்கோசின்) வாடை வரும், பாணியில் ஓர் அருவருப்பான பின்சுவை நிற்கும். வடிகட்டினாலோ மறுபடி காய்ச்சினாலோ அது போகாது. பச்சை நீரில் இது அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. எனவே நாக்கை நம்பாமல் மொட்டைப் பாருங்கள். சில்வர் மேப்பிளின் மொட்டுக்கொத்து உருண்டு செதில் விலகத் தொடங்கிய நாளே அதன் வாளியைக் கழற்றுங்கள், அதே தெருவில் சுகர் மேப்பிள் இன்னும் ஊசிமொட்டோடு தூங்கினாலும். அடுத்து ரெட். சுகர் மேப்பிளுக்கு மேலும் ஓரிரண்டு கிழமை கிடைக்கலாம். எல்லா நீரையும் ஒரே தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இந்தக் கட்டத்தில் கட்டாயம் பிரிக்க வேண்டும். ஒரு வாளி சில்வர் நீர் போதும், நாற்பது லீற்றர் சுகர் நீரும் கெட்டுவிடும். சந்தேகமான நீர் என்றால் ஒரு கோப்பையைத் தனியாக அடுப்பில் வற்றவைத்து முகர்ந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். குளக்கரைத் தவளைகள் இரவில் கத்தத் தொடங்கினால் கடை கட்டு என்பது இங்குள்ள பழைய வழக்கு. சுகர் மேப்பிளுக்கு அது ஓரளவு பொருந்தும். சில்வருக்கு அதற்குள் பிந்திவிடும்.

கடைசி நாளில் ஸ்பைலைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நேராகப் பிடுங்குங்கள். துளையை மெழுகாலோ கட்டையாலோ அடைக்க வேண்டாம்; அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி உக்கல் தொடங்கும். திறந்தே விட்டால் ஆரோக்கியமான மரம் ஒன்று முதல் மூன்று வருடத்தில் மூடிக்கொள்ளும். மூன்று வருடம் கழித்தும் பழைய துளை வட்டமாகத் திறந்தே இருந்தால், அந்த மரத்துக்கு அடுத்த பருவம் ஓய்வு கொடுங்கள். ஸ்பைல்களையும் வாளிகளையும் அன்றே சுடுநீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கவிழ்த்து வையுங்கள். துளையிட்ட இடத்தின் உயரத்தையும் திசையையும் ஒரு கொப்பியில் குறித்துவைத்தால், மூன்று வருடத்துக்குப் பிறகு பட்டை மூடி அடையாளமே தெரியாத இடத்தில் மண்ணிறச் சீவல் வந்து தலை சொறிய வேண்டியிராது.